சொந்த வீட்டுக்கு ஒரு சர்வீஸ் கால்

“என்னங்க, நெட் திரும்பவும் விட்டு விட்டு வருது.”

“ரீஸ்டார்ட் பண்ணியா?”

“பண்ணேன்.”

“இன்னொரு தடவை பண்ணு.”

“அதையும் பண்ணிட்டேன். நீங்க வந்து ஒரு எட்டு பாத்தா என்னவாம்?”

“ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் பாத்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா? அவ்வளவு அவசரம்னா கம்பெனிக்குப் போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் போடு. வரிசையில வரேன்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். கம்ப்ளெயிண்ட் நம்பர் மட்டும் விழுந்துட்டா, எந்த வீடா இருந்தாலும் போயே ஆகணும். அதான் எங்க ரூல்.”

இந்தப் பேச்சு நடந்தது போன வாரம், காலையில், வாசலில். ஷூ லேஸை முடிந்துகொண்டே சொன்னான். சொன்ன கையோடு மறந்தும் போனான். அவள் மறக்கவில்லை. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ‘கம்ப்ளெயிண்ட் போடு, வரிசையில வரேன்’ என்பது காதுக்குள் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

அவனுக்கு வேலை, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில். வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எங்கே எது மக்கர் செய்தாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பான். எடுத்த எடுப்பில் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்பதால் வாடிக்கையாளர்களுக்கு அவன் ‘ரீஸ்டார்ட் சார்’. வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் விடமாட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். அப்போது அவன் குரலில் வழிகிற பொறுமையைக் கேட்டால் அவளுக்கு வயிறு எரியும். “பதறாதீங்க மேடம். பட்டன் பின்னாடி இருக்கும், கையை விட்டுத் தடவிப் பாருங்க. அவசரமே இல்ல, நான் லைன்லயே இருக்கேன்.” தட்டில் சோறு ஆறும். எதிரில் அவள் ஆறாமல் உட்கார்ந்திருப்பாள்.

உண்மையில் அவள் அவனிடம் கேட்க நினைத்தது நெட்டைப் பற்றி அல்ல. அந்த ரூமைப் பற்றி.

ஹாலை ஒட்டி, ஜன்னலும் கதவுமாக ஒரு சின்ன ரூம். அதற்குள் உயிர் போன மானிட்டர்கள், வயிற்றைத் திறந்து வைத்த சி.பி.யூ. பெட்டிகள், பல் கொட்டின கீபோர்டுகள், வால் அறுந்த மவுஸ்கள். எங்கே எது செத்தாலும் அதைத் தோளில் சுமந்து வந்து இங்கே அடுக்குவான். “இதுல இன்னும் ஒரு நல்ல ஃபேன் இருக்கும்மா” என்பான். அந்த நல்ல ஃபேன் இன்றுவரை சுற்றியதில்லை.

அவள் வேலை பார்ப்பதோ சாப்பாட்டு மேசையில். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. மேசைக்கு நேர் எதிரே டிவி. டிவிக்கு நேர் எதிரே மாமியார். சீரியல் பார்க்கும்போது மாமியாருக்குச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். போன மாதம் ஒரு ரிப்போர்ட்டில், ‘நோயாளிக்கு இரண்டு நாட்களாக மிதமான காய்ச்சல், அடிப்பாவி, உன்னை உயிரோடு விடமாட்டேன்’ என்று அவள் கை அதுபாட்டுக்கு அடித்துவிட்டது. அனுப்பியும் விட்டாள். ‘இதை நோயாளி சொன்னாரா, நான் சொன்னேனா?’ என்று டாக்டர் திருப்பிக் கேட்டிருந்தார்.

ஆனாலும் அவள் வேலை சுத்தம். அதனால்தான் இப்போது வேலை தருகிற இடத்திலிருந்தே மேலே ஒரு படி ஏறி வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. டாக்டர் நோயாளியிடம் பேசப் பேச, நெட் வழியாகவே கூட இருந்து கேட்டு உடனுக்குடன் எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தனி ரூம் வேண்டும். நோயாளி சொல்வது நாலு பேர் காதில் விழக்கூடாது. ‘ரூம் இருக்கிறதா? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்’ என்றார்கள். ரூம் இருந்தது. அதில்தான் செத்த மானிட்டர்கள் குடியிருந்தன.

காலி செய்யச் சொல்லிக் கேட்டுவிடலாம்தானே? அங்கேதான் சிக்கல். என்றைக்காவது சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கல்யாணமான புதிதில் அவளிடம் முதன்முதலில் சொன்ன ஆசை அதுதான். அந்த ரூமில் அடைந்து கிடப்பது அவனைப் பொறுத்தவரை குப்பை அல்ல, கடை. அதை எடு என்றால், உன் கடை நடக்காது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

அவள் முயற்சி செய்யாமல் இல்லை.

“என்னங்க, அந்த ரூம்…”

“அந்த ரூமுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. ஒட்டடை அடிக்கணும்.”

இன்னொரு நாள், “அந்த ரூம்ல…” என்று ஆரம்பித்தாள். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், புதிதாகக் கொண்டு வந்திருந்த ஒரு பவர் சப்ளையைக் கண் மின்னக் காட்டினான். “எவ்வளவு கனம் பாரு!” அவளும் தூக்கிப் பார்த்து, “ஆமா, நல்ல கனம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சீரியலில் விளம்பரம் ஓடும் நேரம் பார்த்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“வணக்கம், சொல்லுங்க மேடம்” என்றாள் புகார் எடுக்கும் அக்கா.

“எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல பிரின்ட் வரல. மவுஸ் நகரல. சத்தம் கேக்கல. ஸ்கிரீன் இருட்டா இருக்கு. நெட்டு அந்துபோகுது.”

“ஒரே வீட்லயா மேடம்? இடி கிடி விழுந்துச்சா?”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

“ஜலதோஷமா மேடம்? குரல் கம்மியிருக்கு. சரி, அட்ரஸ் சொல்லுங்க.”

சொன்னாள். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு அக்கா மிகவும் மரியாதையாகக் கேட்டாள், “குறிப்பா யாரையாவது அனுப்பணுமா மேடம்?”

“ரீஸ்டார்ட் சார்தான் வரணும்.”

“அவர் ரொம்ப பிஸி. ஆனாலும் உங்களுக்காகக் கடைசி கால் அதுதான்னு போட்டு விடறேன். நம்பர் விழுந்தாச்சு, இனிமே அவரே நினைச்சாலும் கேன்சல் பண்ண முடியாது. கைக்குட்டையை எடுத்துட்டு நல்லா மூச்சு விடு தங்கச்சி.”

போனை வைத்தபோது அவள் காது சூடாகியிருந்தது. திரும்பினால், மாமியார் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் எப்போதோ முடிந்திருந்தது. சீரியலில் யாரோ யாருக்கோ விஷம் கலந்துகொண்டிருந்தார்கள். மாமியார் அதைப் பார்க்கவே இல்லை.

“ஏம்மா, என் பையனை எதுக்கு நம்ம வீட்டுக்கே வரவழைக்கிற?”

“அத்தை, அது வந்து… சும்மா…”

“சும்மா எல்லாம் கைக்குட்டை வச்சுப் பேசமாட்டாங்க. அந்த ரூம் விஷயமா?”

அவள் கைக்குட்டையை இடுப்பில் சொருகினாள்.

“நீ ஒட்டடை அடிக்கணும்னு சொன்ன அன்னைக்கே தெரியும். அவன்கிட்ட நான் சொல்லமாட்டேன். அது நீ கேக்க வேண்டியது. ஆனா வேடிக்கை பாப்பேன்.” மாமியார் வாழ்நாளில் முதன்முறையாக, சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியை அணைத்தார்.

இனி, சொன்ன பழுதுகளை உண்டாக்க வேண்டும். நெட் ஒன்றுதான் நிஜம். மற்றதெல்லாம் அவள் கற்பனை. ஒரு பழுதுக்கு வந்தால் சட்டென்று முடித்துவிட்டுப் போய்விடுவான். நாலைந்து இருந்தால் ஏதாவது ஒன்றின் நடுவிலாவது தன் வாய் திறக்கும் என்பது அவள் கணக்கு. அதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்கிற பாடம்தானே! பிரின்டர் கேபிளைப் பின்பக்கம் ஒரு நூல் அளவுக்கு வெளியே இழுத்து வைத்தாள். மவுஸ் வயிற்றில் வெளிச்சம் வரும் ஓட்டையில் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டினாள். ஹெட்போன் பின்னைப் பாதி மட்டும் சொருகினாள். மானிட்டர் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அவளுக்கே தன் கைவேலையில் ஒரு பெருமை வந்தது.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. அவன் பையில் சாவி இருந்தது. இருந்தும் பெல் அடித்தான்.

கதவைத் திறந்தவர் மாமியார். வாசலில் அவன், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. முகத்தில் பாதி சந்தேகம், பாதி சிரிப்பு.

“அம்மா, என்னம்மா இது, அக்கா இந்த அட்ரஸைக் குடுத்து…”

“யாருப்பா நீங்க?” என்றார் மாமியார்.

“அம்மா!”

“கம்ப்யூட்டர் ரிப்பேரா? வாங்க தம்பி. ஷூவை அங்கயே கழட்டிடுங்க. என் பையன் கழட்டாம நேரா உள்ள வருவான், அவனைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு.”

அவன் எட்டிப் பார்த்தான். மனைவி சாப்பாட்டு மேசை அருகே நல்ல சேலை கட்டி, கைகளைக் கோத்துக்கொண்டு, அடக்கமான வாடிக்கையாளராக நின்றிருந்தாள்.

“வாங்க சார். மத்தியானத்திலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்.”

ஒரு கணம் அவன் உதட்டைக் கடித்தான். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தான். கல்யாணமானதிலிருந்து அவள் கண்டிராத காட்சி அது. அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

“வணக்கம் மேடம். ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“பாத்துட்டோம் சார்.”

“அப்ப சரி. எது எது வேலை செய்யல, ஒவ்வொண்ணா சொல்லுங்க. அவசரமே இல்ல.”

அந்த ‘அவசரமே இல்ல’ நேராகத் தன்னிடம் சொல்லப்பட்டதும் அவளுக்கு வாடிக்கையாளர் வேஷமே ஒரு கணம் மறந்துபோனது. சமாளித்துக்கொண்டாள். “பிரின்டர் சார்” என்றாள்.

அவன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. பின்னால் கையை விட்டான். ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிரின்டர் முனகிக்கொண்டு காகிதத்தை இழுத்தது. அவள் “அப்புறம், ஒரு விஷயம்…” என்று ஆரம்பிப்பதற்குள், “அடுத்தது மேடம்” என்றான்.

மவுஸைத் திருப்பினான். ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்தான். அது வாழைப்பழத்தின் மேல் ஒட்டி வருகிற ஸ்டிக்கர். அதைக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

“சார், அந்த…”

“ஹெட்போன்தானே?” ‘டிக்.’ “ஸ்கிரீன் இருட்டா?” பட்டனை அமுக்கினான். மேசை முழுவதும் பளிச்சென்று ஆனது.

போட்டிருந்த கணக்கு மொத்தமும் பொடிப்பொடியானது. சமைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியாவது இதற்கு ஆகும் என்று நினைத்திருந்தாள். இவனோ தாளிக்கிற நேரத்தில் முடித்துவிட்டான்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான் அவன், கையைக் கட்டிக்கொண்டு. “கேபிள் லூஸு, திங்கட்கிழமை ஸ்கூல் ஆபீஸ்ல. மவுஸ் ஸ்டிக்கர், செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் வீட்ல. ஹெட்போன் பின்னு, புதன்கிழமை. வெளிச்சம், நேத்து ராத்திரி வக்கீல் சார். நான் போன்ல பாத்துக் குடுத்த கேஸ் எல்லாம் வரிசை மாறாம உங்க வீட்டுக்கு வந்திருக்கே?”

“அப்படியா சார்? காத்துல பரவுது போல.”

“காத்துல இல்ல மேடம், காதுல.”

மாமியார் களுக்கென்று சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார். “டீ குடிக்கிறீங்களா தம்பி? என் பையனும் கம்ப்யூட்டர் வேலைதான். நல்லா படிச்சான். வெளியில கெட்டிக்காரன்னு பேரு. வீட்டுக்குத்தான் ஒண்ணுக்கும் ஆகமாட்டான்.”

“அவருக்கும் வேலை இருக்கும் இல்லையா பெரியம்மா?”

“அட, எப்படித் தாங்குறாரு பாரேன்!”

அவன் பையை மூடப் போனான். இதை விட்டால் வேறு நாள் இல்லை. திங்கட்கிழமை ‘ரூம் இல்லை’ என்று சொல்ல வேண்டியதுதான். வேறு யாருக்காவது அந்த வேலை போகும். இவள் இதே மேசையில் காய்ச்சலுக்கு நடுவே அடிப்பாவியை அடித்துக்கொண்டிருப்பாள்.

“சார், நெட்டு! நெட்டை மறந்துட்டீங்க.”

“அதுவும் நீங்க செஞ்சதுதானே மேடம்?”

“இல்லீங்க. அது மட்டும் நிஜம்.”

அவள் சொன்ன விதத்தில் அவன் பையை விட்டுவிட்டான். தன் போனை எடுத்து, நெட் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கோடுகளைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தான். மேசையருகே ஒரே ஒரு கோடு, அதுவும் வருவதும் போவதுமாக. சமையலறை வாசலில் அதுவும் இல்லை. ஹாலின் ஓரத்தில் கொஞ்சம் பரவாயில்லை.

“இவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு பழக்கதோஷத்தில், “ரூட்டர் எங்க மேடம் இருக்கு?” என்றான்.

“அந்த ரூம்ல சார்.”

அவன் அந்தக் கதவைத் தள்ளினான். பாதிதான் திறந்தது; பின்னால் எதுவோ சரிந்து கிடந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தான். உள்ளேயிருந்து ஏதேதோ உருளும் சத்தம், ஒரு ‘ஆ’, கால் விரலைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் சத்தம். அவளும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

ரூட்டர் கிடைக்க நேரம் பிடித்தது. ஜன்னல் திண்டில் ஒரு காலத்தில் அவனே வைத்தது. இப்போது அதைச் சுற்றி இரும்புப் பெட்டிகள் சுவர் எழுப்பியிருந்தன. அதன் தலைமேல் மூடி இல்லாத ஒரு பிரின்டர் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் நகர்த்தி, உள்ளே கையை விட்டு, “ஸ்ஸ்” என்று இழுத்துக்கொண்டான். ரூட்டர் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல மெஷினை யாராவது வதைத்திருப்பதைப் பார்த்தால் வருகிற, தொழிலோடு சேர்ந்த கோபம். யார் வீடு என்பதே மறந்துபோனது.

“யார் மேடம் இதை இப்படி வச்சது? சுத்தி இவ்வளவு இரும்பை அடைச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்? இது மூச்சு விட வேணாமா? ஒரு ரூமை இப்படியா வச்சிருக்கிறது? உங்க வீட்ல ஒருத்தருக்குமா கண்ணு இல்ல?”

“என் வீட்டுக்காரர் வச்சது சார்.”

“அவருக்கு அறிவு…” என்றவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “சொல்லுங்க தம்பி, நிறுத்தாதீங்க. நல்லா கேளுங்க அவனை.”

அவன் அவளைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. இடுக்கிலிருந்து வெளியே வர வழி தேடி, வழி இல்லாமல், அங்கேயே நின்றுகொண்டான்.

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லணும்னு பல தடவை வாய் வரைக்கும் வந்துச்சு சார்.”

“வந்து?”

“ஒட்டடைன்னு சொல்லிட்டேன்.”

அந்த ஒட்டடை, அதற்குப் பிந்தின பவர் சப்ளை, அவள் பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போயின.

“அவர் என்ன, அவ்வளவு கோவக்காரரா?”

“கோவமே வராது. அதான் பயம். அவருக்குச் சொந்தமா கடை போடணும்னு ஆசை. இதெல்லாம் அவர் கடைக்குன்னு சேத்து வச்சது. இதை எடுங்கன்னு சொன்னா, கடை வேணாம்னு சொன்ன மாதிரி எடுத்துக்குவாரு. ஒண்ணும் சொல்லாம எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, ராத்திரி சாப்பிடாம படுத்துக்குவாரு.”

அவன் பக்கத்தில் இருந்த ஒரு மானிட்டரின் தூசியை விரலால் கோடிழுத்தான். கண்ணாடியில் கீறல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது.

“மேடம், தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். இதுல எதுவும் எந்தக் கடைக்கும் ஆகாது. உங்க வீட்டுக்காரருக்கும் அது தெரியும். ஆனா கடை வேற, இந்தக் குப்பை வேற. இது போனா அது போயிடாது.” தாழ்ந்த குரலில் சொன்னான். “அவர்கிட்டயும் ஒரு கேபிள் லூஸாத்தான் இருந்திருக்கு. நீங்க அமுக்கிப் பாத்திருக்கலாம்.”

அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். வக்கீல் சார். அதை அமர்த்திப் பைக்குள் போட்டுவிட்டு, இருக்கிற இடுக்கில் நேராக நிமிர்ந்து நின்றான்.

“சொல்லுங்க மேடம். அவசரமே இல்ல.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். ஹாலில் மாமியார் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ‘சார்’ என்று சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கினாள்.

“என்னங்க,” என்றாள். “எனக்குப் பெரிய வேலை ஒண்ணு வந்திருக்கு. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். கதவைச் சாத்திட்டு உக்காந்து நான் அந்த வேலையைப் பாக்கணும். இந்த ரூமை எனக்குக் குடுங்க.”